பசைக்கு ஒரு சங்கம்: லண்டன், கேம்பிரிட்ஜ், டக்ஸ்ஃபோர்ட்

திங்கள், நார்தாம்ப்டன் சதுக்கம், லண்டன்

ஏஞ்சல் நிலையத்தில் இறங்கிச் செயின்ட் ஜான் தெரு வழியாகத் தெற்கே நடந்தால் சீக்கிரமே சிட்டி பல்கலைக்கழகத்தின் பழைய கட்டிடம் வந்துவிடுகிறது. மேலே மணிக்கூண்டு. பக்கத்தில் நார்தாம்ப்டன் சதுக்கம், அதன் நடுவில் சின்னப் பூங்கா, பெஞ்சுகளில் மதியச் சாப்பாட்டோடு மாணவர்கள். லண்டன் வருகிறவர்களின் பார்க்க வேண்டிய இடங்கள் பட்டியலில் இது இருக்காது. என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். ஒட்டுதல் பற்றிய அறிவியலுக்கென்று இங்கிலாந்தில் வருடந்தோறும் நடந்த மாநாடு 1963-இல் இங்கேதான் ஆரம்பித்தது. அப்போது இது பல்கலைக்கழகம் ஆகவில்லை. நார்தாம்ப்டன் உயர்தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர். 1966-இல்தான் பல்கலைக்கழகம் ஆனது.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மாமா துணைக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்றவர், ஊர் முழுக்கப் பேருந்துத் தடங்கள் அத்துப்படி. கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, பசைக்கெல்லாம் ஒரு சங்கமா? ஒண்ணு ஒட்டும், இல்லேன்னா ஒட்டாது. இதுல வருஷா வருஷம் கூடிப் பேச என்ன இருக்கு?"

"நிறைய இருக்கு மாமா. இந்த வாரம் முழுக்க அதைத்தான் பார்க்கப் போறோம்" என்றேன்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஷூ தொழிற்சாலைகளுக்குப் பசை கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கேயாவது சோல் பிரிந்தால் அந்த ஷூ என் மேசைக்கு வரும். கூடவே மூன்று பேரும் வருவார்கள். சோல் வார்த்தவர் "சொல்யூஷன் சரியில்லை" என்பார். சொல்யூஷன் விற்றவர் "தோலை ஒழுங்காகச் சுரண்டவில்லை" என்பார். தோல்காரர், சோலில் எண்ணெய் இருக்கிறது என்பார். மூவரும் பொய் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் தெரியும், அவ்வளவுதான். அந்த மூன்று பக்கமும் சந்திக்கும் கோடு யாருடைய பொறுப்பிலும் இல்லை.

1960-களில் விஞ்ஞானிகளின் நிலையும் இதுதான். ஒரு பொருள் இன்னொன்றோடு ஏன் ஒட்டுகிறது என்பதற்கு அப்போது ஆளுக்கொரு கொள்கை. வாஷிங்டனில் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் ஜிஸ்மன், பசை முதலில் பரப்பை நனைக்க வேண்டும், எந்தத் திரவம் எந்தப் பரப்பில் பரவும் என்பதை அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற வழியில் போனார். பாலித்தீன் மேலும் டெஃப்லான் மேலும் பசை ஏன் உருண்டு நிற்கிறது என்பதற்கு விளக்கம் அங்கிருந்து கிடைத்தது. மாஸ்கோவில் டெர்யாகின், இரண்டு பரப்புக்கும் நடுவே உண்டாகும் மின்னூட்டம்தான் காரணம் என்றார். சோவியத் நாட்டிலேயே வோயுட்ஸ்கி, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் போவதுதான் காரணம் என்றார். பிக்கர்மன் இவர்கள் எல்லாரையும் மறுத்தார்: ஒட்டு சரியாக அமைந்துவிட்டால் அது எல்லைக் கோட்டில் பிரியவே பிரியாது, பிரிந்தது போலத் தெரிந்தால் அங்கே ஏற்கெனவே வலுவில்லாத ஒரு மெல்லிய படலம் இருந்திருக்கிறது என்பது அவர் வாதம்.

பிக்கர்மன் சொன்னது முழுக்கச் சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் என் மேசைக்கு வரும் ஷூக்களில் அவர் சொன்ன படலத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சோல் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சோலிலேயே தங்கிவிடும். பசை அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும், சோலைப் பிடிக்காது.

இந்த வாதங்களெல்லாம் வேதியியல் இதழில் ஒன்று, இயற்பியல் இதழில் ஒன்று, பொறியியல் கூட்டத்தில் ஒன்று என்று சிதறிக் கிடந்தன. அவர்களை ஒரே அறையில் உட்கார வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. இந்தக் கல்லூரியில் வேலை பார்த்த கீத் ஆலன் என்ற வேதியியலாளர் அந்த இடத்தைப் பல ஆண்டுகள் நடத்திக் கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ இதைத் தொடங்காமல், தொழிற்சாலைகளோடு நெருங்கிப் பழகிய ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிரிந்த சோல் முதலில் வந்து சேர்வது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான். இங்கே படித்த கட்டுரைகள் பின்னால் தொகுதி தொகுதியாகப் புத்தகங்களாக வந்தன. 1977-லிருந்து வந்த வரிசையை நான் பழைய புத்தகக் கடைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறேன்.

செவ்வாய், பிரிட்டிஷ் நூலகம்

இன்று மாமா வரவில்லை. செயின்ட் பாங்க்ரஸ் பக்கத்தில் இருக்கும் நூலகத்தில் வாசகர் அட்டை வாங்கி உட்கார்ந்தேன். பார்க்க விரும்பியது பசை ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கைகள். 1922, 1926, 1932 என்று மூன்று, பிரிட்டிஷ் அரசு வெளியிட்டவை.

முதல் உலகப் போர் விமானங்கள் மரம், துணி, பசை ஆகிய மூன்றால் ஆனவை. இறக்கையின் ஒட்டு விட்டால் விமானி திரும்பி வரமாட்டார். அதுவரை தச்சுப் பட்டறையில் வஜ்ரம் காய்ச்சும் சமாச்சாரமாக இருந்த பசை, ஒரே போரில் அரசாங்கம் கவலைப்படும் விஷயமாகிவிட்டது. அதற்கு முன் பசை பற்றி அறிந்தது பெரும்பாலும் கைப்பழக்கம். எழுதி வைத்த அறிவு குறைவு. இந்தக் குழு, தெரிந்ததைத் திரட்டி, தெரியாததற்கு ஆராய்ச்சி வைத்தது.

அந்த வேலையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மக்பெயின், கனடாக்காரர், அப்போது பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவரும் ஹாப்கின்ஸும் 1925-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மரம் மாதிரி துளை உள்ள பொருளில் பசை உள்ளே போய் இறுகிப் பூட்டுப் போட்டதுபோல் பிடிப்பது ஒரு வகை. வழவழப்பான உலோகத்திலும் கண்ணாடியிலும் துளையே இல்லாமல் பிடிப்பது இன்னொரு வகை என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். இந்தத் துறைக்காரர்கள் எங்கே வரலாறு எழுத ஆரம்பித்தாலும் இந்தக் கட்டுரையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

மூன்றாவது அறிக்கை 1932-இல் வந்தது. அவசரம் தீர்ந்தால் குழுவும் முடிகிறது, அதில் சேர்ந்த ஆட்கள் கலைந்து போகிறார்கள். ஒரு அவசரத்துக்காக அரசு அமைக்கும் குழுவுக்கும், துறையைச் சேர்ந்தவர்களே அமைத்துக்கொள்ளும் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தத் தாள்களைப் புரட்டும்போது நன்றாகத் தெரிந்தது. சங்கத்துக்கு அவசரம் தேவையில்லை. அடுத்த வருடமும் கூடும்.

புதன், சால்ஸ்பரி ஹால், லண்டன் கால்னி

லண்டனுக்கு வடக்கே, பழைய மாளிகை ஒன்றின் பக்கத்தில் டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகம். மாஸ்கிட்டோ விமானத்தை வடிவமைத்ததே இந்த மாளிகையில்தான். அதன் முதல் மாதிரி, 1940 நவம்பர் 25-இல் பறந்த அதே விமானம், இன்றும் இங்கே இருக்கிறது. மஞ்சள் வண்ணம். மாமா அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சொன்னார், "இது மரமா!"

மரமேதான். வெளியே பிர்ச் ஒட்டுப்பலகை, நடுவில் பால்சா மரம், உள்ளே மறுபடி பிர்ச். உடலை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாக அச்சின் மேல் வார்த்து, உள்ளே கம்பிகளையும் குழாய்களையும் பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். மொத்தம் 7,781 மாஸ்கிட்டோக்கள் செய்யப்பட்டன. நாற்காலி, மேசை செய்துகொண்டிருந்த பட்டறைகளும் இதன் பாகங்களைச் செய்தன.

முதலில் பயன்பட்டது பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், இளகும். அப்புறம் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். ஏரோலைட் என்ற அந்தப் பசையின் பிறப்பிடத்துக்கு வெள்ளிக்கிழமை போகப் போகிறோம்.

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1944-இன் கடைசியில், இந்தியாவில் நிறுத்தி வைத்து பர்மாப் போர்முனைக்கு அனுப்பிய மாஸ்கிட்டோக்கள் சில, பறக்கும்போதே இறக்கை உடைந்து விழுந்தன. உடனே எல்லாருடைய விரலும் பசையை நோக்கி நீண்டது: இந்த வெயிலுக்கும் மழைக்கும் பசை தாங்கவில்லை என்று. விமானங்களைத் தரையில் நிறுத்திவிட்டு, இங்கிலாந்திலிருந்து ஆட்கள் போய்ப் பிரித்துப் பார்த்தார்கள். ஈரம் ஒரு பங்கு வகித்தது உண்மை. ஆனால் பலகையும் கட்டையும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளியோடு சேர்க்கப்பட்ட இடங்களும் கண்டுபிடிக்கப்பட்டன. பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒட்ட வேண்டிய இரண்டு பரப்பும் ஒன்றையொன்று தொடவில்லை என்றால் அது என்ன செய்யும்?

மாமா கொஞ்ச நேரம் இறக்கையடியில் நின்றார். "அப்போ பசையை மட்டும் பரிசோதனை பண்ணினா போதாது, ஒட்டைத்தான் பரிசோதனை பண்ணணும்ங்கிற" என்றார். பல வருடங்களாக நான் தொழிற்சாலை மேலாளர்களிடம் சொல்லப் பாடுபடும் விஷயத்தை மாமா தானாகப் பிடித்துவிட்டார்.

வியாழன், கேம்பிரிட்ஜ்

கிங்ஸ் கிராஸிலிருந்து ரயில். நகரத்தில் எல்லாரும் ஆற்றுப் பக்கம் போக, நாங்கள் ஃப்ரீ ஸ்கூல் சந்துக்குப் போனோம். பழைய கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் இருந்த குறுகலான சந்து. எலக்ட்ரானும் நியூட்ரானும் கண்டுபிடிக்கப்பட்ட இடம் என்று பலகை பார்த்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. இங்கே ஒட்டுதலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஒன்று நார்மன் டி புரூயின். 1904-இல் சிலியின் தென்கோடியில் புண்டா அரீனஸில் பிறந்தவர். அப்பா டச்சுக்காரர், அம்மா ஆங்கிலேயர். இங்கே ரதர்ஃபோர்டிடம் வேலை பார்த்து, டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோ ஆனார். பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். தானே ஒன்று வடிவமைத்துக் கட்டினார். விமானம் கட்டியவர் பசைக்குள் போனார். அணு இயற்பியலின் பொற்காலத்தில், அதன் நடுவீட்டில் இருந்த ஒருவர், பசை தகுதியான ஆராய்ச்சிப் பொருள் என்று முடிவு செய்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 1939-லேயே ஒட்டுதலின் இயல்பு பற்றி எழுதியிருக்கிறார்: முனைவுள்ள (மூலக்கூறின் ஒரு முனை நேர், மறு முனை எதிர் மின்னூட்டம் காட்டும்) பசை முனைவில்லாத பரப்பில் வலுவாகப் பிடிக்காது என்று. அந்த விதிக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று 1971-இல் நடந்தது. இந்தப் பயணத்தில் நான் மாமாவுக்கு விளக்க மிகவும் ஆசைப்பட்டது இதைத்தான்.

டேவிட் டேபர் என்பவரின் குழு இங்கே உராய்வையும் ஒட்டுதலையும் ஆராய்ந்துகொண்டிருந்தது. அவரிடம் ஆராய்ச்சி செய்தவர்களில் ராபர்ட்ஸ், கெண்டல் என்று இருவர். ராபர்ட்ஸ் எடுத்துக்கொண்டது காரின் கண்ணாடித் துடைப்பான் போல ரப்பர் கண்ணாடி மேல் உராயும் பிரச்சினை. வழவழப்பான ரப்பர் உருண்டையைக் கண்ணாடியில் மெல்ல வைத்துப் பார்த்தால், தொட்டுக்கொண்டிருக்கும் வட்டம் கணக்குப்படி வர வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. கணக்கு 1882-இல் ஹெர்ட்ஸ் போட்டது. அதில் இரண்டு பொருளும் ஒன்றையொன்று அழுத்தும், இழுக்காது. எடையை முழுக்க எடுத்த பிறகும் ரப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே இருந்ததை அந்தக் கணக்கால் சொல்ல முடியவில்லை.

டிரம்பிங்டன் தெருவில், பொறியியல் துறையில், கென்னத் ஜான்சன் இருந்தார். தொடும் பரப்புகளின் இயக்கவியலில் அவரை விஞ்சியவர் இல்லை. இயற்பியல்காரர்களின் அளவும் பொறியாளரின் கணக்கும் சேர்ந்து ராயல் சொசைட்டி இதழில் மூவர் பெயரில் வந்தது: ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ். உலகம் முழுக்க ஜே.கே.ஆர். என்றால் போதும். அதன் முடிவு ஒன்று எனக்கு இன்னும் வியப்பு தருவது: உருண்டையைப் பிடுங்கத் தேவைப்படும் விசை, அதன் ஆரத்தையும் இரண்டு பரப்பையும் பிரிக்கத் தேவையான ஆற்றலையும் பெருக்கி, அதை மேலும் ஒன்றரைப் பை (1.5 × π) மடங்கு ஆக்கினால் வருவது. ரப்பர் கெட்டியா, மென்மையா என்பது சமன்பாட்டில் வரவே இல்லை.

நாங்கள் சந்திலிருந்து டிரம்பிங்டன் தெருவுக்கு நடந்தே போனோம். பேசிக்கொண்டே போகும் தூரம்தான். இரண்டு துறைக்கும் நடுவில் இவ்வளவு குறைவான தூரம் இருந்ததால் அந்தக் கட்டுரை பிறந்தது என்று நினைக்கிறேன். எல்லா ஊரிலும் அப்படி அமையாது.

கதை அங்கே முடியவில்லை. 1975-இல் மாஸ்கோவிலிருந்து டெர்யாகினும் முல்லர், டோப்போரோவ் இருவரும் வேறொரு கணக்கு போட்டார்கள். அவர்களுக்கு ஒன்றரைப் பைக்குப் பதில் இரண்டு பை வந்தது. எது சரி? கடுமையான வாதம். 1977-இல் டேபர் தீர்த்து வைத்தார்: மென்மையான, பெரிய உருண்டைகளுக்குக் கேம்பிரிட்ஜ் கணக்கு, கெட்டியான, மிகச் சிறியவற்றுக்கு மாஸ்கோ கணக்கு. இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள். இன்று பல்லி சுவரில் ஒட்டுவதையும், பொடித் துகள் பரப்பில் படிவதையும், மென்மையான பசைகளையும் ஆராய்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கிலிருந்துதான் புறப்படுகிறார்கள். 1991-இல் மனோஜ் சௌதுரியும் ஒயிட்சைட்ஸும் சிலிக்கான் ரப்பர் அரைக்கோளங்களை வைத்து, பரப்பின் வேதியியலை மாற்றினால் ஒட்டுதல் ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்பதை இதே முறையில் நேராக அளந்து காட்டினார்கள்.

மாமா டீக்கடையில் கேட்டார்: "இவங்கல்லாம் ஒரே சங்கமா?"

அமெரிக்காவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். பெல் ஆய்வுக்கூடத்து லூயிஸ் ஷார்ப் 1969-இல் இந்தத் துறைக்கென்று ஒரு ஆராய்ச்சி இதழை ஆரம்பித்தார். 1978-இல் அங்கே அட்ஹீஷன் சொசைட்டி பிறந்தது. ஒட்டுதலைத் தனி ஒரு அறிவியல் துறையாக வளர்ப்பது அதன் நோக்கம். வருடத் தொடக்கத்தில் ஒரு மாநாடு. பசை நாடாக்காரர்கள், விமானத்துக்கு ஒட்டுகிறவர்கள், பரப்பு வேதியியல்காரர்கள், உயிரினங்களின் ஒட்டுதலை ஆராய்கிறவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். மாணவர்கள் தங்கள் வேலையை மூத்தவர்கள் முன் வைப்பதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். இங்கிலாந்தில் ஒட்டுதலுக்கும் பசைகளுக்குமான சங்கம் இருக்கிறது, ஜப்பானிலும் உண்டு. 1987-இல் இன்னொரு இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த கே.எல். மிட்டல் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தத் துறையில் அவர் பதிப்பித்த தொகுதிகள் ஒரு அலமாரியை நிரப்பும்.

வெள்ளி, டக்ஸ்ஃபோர்ட்

கேம்பிரிட்ஜிலிருந்து விட்டில்ஸ்ஃபோர்ட் பார்க்வே சில நிமிடப் பயணம். விமான அருங்காட்சியகம் பெரிது. ஒரு நாள் போதாது. நான் தேடி வந்தது வேறு. விமானத்தளத்தின் கிழக்கே, எம்11 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், டி புரூயின் 1934-இல் ஏரோ ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய நிலம் இருக்கிறது. இன்றும் அங்கே விமானக் கலப்புப் பொருள்களும் பசையும் செய்யும் தொழிற்சாலைதான். உள்ளே அனுமதி இல்லை. வெளியே சாலையோரம் நின்று பார்த்தோம்.

ஏரோலைட் பசை 1937-இல் இங்கே வந்தது. ஒட்ட வேண்டிய ஒரு மரத்துண்டில் பசை, அதோடு சேரும் மற்றத் துண்டில் இறுக்கும் திரவம். இரண்டும் தொடும்போதுதான் வேலை ஆரம்பம். ஆனால் டி புரூயினின் மனசு உலோகத்தில் இருந்தது. அலுமினியத்தை அலுமினியத்தோடு விமானம் தாங்கும் அளவு ஒட்ட முடியும் என்று அன்று யாரும் நம்பவில்லை. ஃபீனாலிக் பிசின் உலோகத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கண்ணாடித் துண்டாக நொறுங்கும். அவரும் ஜார்ஜ் நியூவெலும் 1941-இல் கண்ட வழி எளிமையானது: உலோகத்தில் திரவப் பிசினைத் தடவி, ஈரத்தின் மேல் பாலிவினைல் ஃபார்மல் என்ற பிளாஸ்டிக் பொடியைத் தூவி, மிச்சத்தை உதறிவிட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் வைப்பது. பிசின் பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் முறியாமல் வளைந்து கொடுக்கும். இறுகும்போது பிசின் நீரை வெளியேற்றும். அது குமிழாகி ஒட்டைப் பிளக்காமல் இருக்கத்தான் அழுத்தம். ரெடக்ஸ் என்ற பெயரில் வந்த இந்தப் பசை முதலில் பீரங்கி வண்டிகளின் கிளட்ச் தகடுகளுக்குப் போனது. 1944-இல் பறந்த ஹார்னெட் விமானத்தில் மரத்தோடு அலுமினியத்தை ஒட்டியது. பிறகு டவ், அதன் பிறகு காமெட். இன்று பயணிகள் விமானம் எதை எடுத்தாலும் பசை இல்லாமல் இல்லை. அந்தப் பாதை இந்தச் சாலையோரத்தில் தொடங்கியது.

நான் இவரை மதிப்பது கண்டுபிடிப்புக்காக மட்டும் அல்ல. கற்றதை இவர் பூட்டி வைக்கவில்லை. போர்க்காலத்திலிருந்தே தொழில்நுட்பக் குறிப்புகளை அச்சடித்து அனுப்பினார். போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் கோடை வகுப்புகள் நடத்தி, பசை பயன்படுத்துகிறவர்களையும் ஆராய்கிறவர்களையும் கூட்டினார். 1951-இல் ஹவ்விங்க் என்பவரோடு சேர்ந்து ஒட்டுதல் பற்றிய பெரிய தொகுப்பு நூலைப் பதிப்பித்தார். பசை விற்கும் நிறுவனம், "எங்கள் டப்பாவை வாங்குங்கள், சொன்னபடி தடவுங்கள்" என்று நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் இன்றும் பலர் அப்படித்தான். ஆனால் பசை வாங்கியவருக்குப் பரப்பைச் சுத்தம் செய்வது ஏன் என்று தெரியாவிட்டால், ஒட்டு தோற்கும், பழி டப்பா மேல் விழும். அறிவைப் பகிர்வது தொழிலுக்கே லாபம் என்று டி புரூயின் புரிந்துகொண்டவர். 1963-இல் லண்டனில் ஒரு மாநாடு கூடியபோது கேட்க ஆள் இருந்தது என்றால், இந்த வகுப்புகளுக்கு அதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

மதியம் அருங்காட்சியகத்துக்குள் போனோம். அங்கே ஒரு காமெட் 4 நிற்கிறது. அதன் கீழே நின்று மாமாவுக்கு அலோஹா விமானத்தின் கதையைச் சொன்னேன். 1988 ஏப்ரல் 28, ஹவாய் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலுலு போன போயிங் 737. 24,000 அடி உயரத்தில் கூரையின் பெரிய பகுதி, சுமார் 18 அடி நீளம், பிய்த்துக்கொண்டு போனது. ஒரு விமானப் பணிப்பெண் உயிரிழந்தார், 65 பேருக்குக் காயம், விமானத்தை விமானிகள் மாவி தீவில் இறக்கிவிட்டார்கள். அந்த வகையின் ஆரம்பகால விமானங்களில் உடல் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தை அறை வெப்பத்தில் இறுகும் பசையாலும் ரிவெட்டாலும் சேர்த்திருந்தார்கள். பசை நாடாவைக் குளிரில் வைத்திருந்து எடுக்கும்போது அதன் மேல் ஈரம் படியும். பரப்புத் தயாரிப்பிலும் குறை. ஒட்டு சில இடங்களில் ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை, கடல் காற்றில் மற்ற இடங்களும் விட்டன. பசை சுமக்க வேண்டிய பாரம் ரிவெட் துளைகளின் கூர்மையான விளிம்புக்குப் போய், அங்கே விரிசல்கள் ஓடின. அந்த விமானம் அதுவரை 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது.

"பசை நல்ல பசைதானே?" என்றார் மாமா.

"டப்பாவில இருக்கிற வரைக்கும் நல்ல பசைதான் மாமா."

அந்த விபத்துக்குள் பரப்பு வேதியியல் இருக்கிறது, ஈரம் ஊடுருவும் இயற்பியல் இருக்கிறது, விரிசல் இயக்கவியல் இருக்கிறது, பட்டறையில் நாடாவை எடுத்துப் போட்ட தொழிலாளியின் கைவேலையும் இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் படித்த ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. ஒட்டுதலுக்கென்று கூடுகிறவர்கள் கூடுவது இதற்காகத்தான். மாமா திங்கட்கிழமை கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு: "ஆம்பூர்ல இந்த மாதிரி உட்கார்ந்து பேசுறீங்களா?"

சனி, ஈஸ்ட் ஹாம்

இன்று வெளியே போகவில்லை. அத்தை செய்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மாமாவின் மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். ஆம்பூரில் ஒரு நாள் கூட்டம். சோல் வார்ப்பவர்கள், தோல் பதனிடுகிறவர்கள், பசை செய்கிறவர்கள், ஒட்டும் வரிசையில் நிற்கும் பெண்களில் மூத்த சிலர். அவர்களைக் கட்டாயம் கூப்பிட வேண்டும். ஹீட்டரிலிருந்து எடுத்த சோலை எவ்வளவு நேரத்துக்குள் அழுத்த வேண்டும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் அறிக்கைகளுக்குத் தெரியாது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து யாராவது வந்தால் நல்லது. வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தெரிந்தவர்களுக்கு நகல்.

யாரும் தன் டப்பாவை விற்க வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் பிரிந்துபோன ஒரு ஷூவைக் கொண்டுவர வேண்டும், எந்தக் கம்பெனி என்ற முத்திரையை மறைத்துவிட்டு. சோல் பக்கம், அப்பர் (ஷூவின் மேல்பாகம்) பக்கம் இரண்டையும் மேசையில் வைத்து, எந்தப் பரப்பில் விட்டிருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். பசை சோலில் தங்கியிருக்கிறதா, தோலில் தங்கியிருக்கிறதா, நடுவில் கிழிந்திருக்கிறதா, தோலே நார் நாராக வந்திருக்கிறதா என்று நாலு வகையாகப் பிரித்தால் காலை முழுக்கப் பேச விஷயம் இருக்கும். மதியத்துக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே பற்றி நான் பேசுகிறேன்.

தேதி இன்னும் முடிவாகவில்லை; பொங்கல் முடிந்து, ஏற்றுமதி நெருக்கடி வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு என்று போட்டிருக்கிறேன். வர விருப்பம் உள்ளவர்கள் ஷூவை இப்போதே எடுத்து வையுங்கள். ஒட்டின இடத்தைக் கையால் தொடாமல் பையில் போட்டு வைத்தால் போதும்.